கட்டி நீங்கிய பிறகு: குழந்தைகளின் மூளைப் புற்றுநோய்ச் சிகிச்சையும் அதன் நெடுங்கால விளைவுகளும்

குழந்தைப் பருவத்தில் கட்டியாகத் திரண்டு வளரும் புற்றுநோய்களுள் முதலிடம் பெறுபவை மூளைக் கட்டிகள். ஒரே பெயரால் குறிக்கப்பட்டாலும் இவை ஒரே நோய் அல்ல. பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா எனப்படும் மெதுவாக வளரும் கட்டியை அறுவை மருத்துவர் முழுமையாக அகற்றிவிட்டால், பெரும்பாலான குழந்தைகளுக்கு வேறு சிகிச்சையே தேவைப்படுவதில்லை. அதற்கு நேர்மாறாக, மூச்சையும் விழுங்குதலையும் ஆளும் மூளைத்தண்டுக்குள் ஊடுருவிப் பரவும் ஒருவகைக் கிளையோமாவை அறுத்தெடுக்கவே முடியாது. அது கண்டறியப்பட்ட குழந்தைகளுள் பெரும்பாலோர் ஓராண்டுக்கு மேல் வாழ்வதில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில், கொடியதாயினும் பெரும்பாலும் குணப்படுத்தக்கூடியதாக இருப்பது மெடுல்லோபிளாஸ்டோமா என்னும் கட்டி. குழந்தைகளின் மூளையில் தோன்றும் புற்றுத்தன்மை கொண்ட கட்டிகளுள் மிகுதியாகக் காணப்படுவதும் இதுவே. உயிரைக் காக்கும் சிகிச்சையே பிற்கால வாழ்வைக் குறுக்கக்கூடும் என்பதையும், அந்தக் குறுக்கத்தைத் தடுக்க மருத்துவம் எவ்வளவு தொலைவு வந்திருக்கிறது என்பதையும் இந்த ஒரு நோயின் வரலாற்றைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

கட்டி இருக்கும் இடமும் அறிகுறிகளும்

மெடுல்லோபிளாஸ்டோமா தோன்றுவது தலையின் பின்பகுதியில், பிடரிக்குச் சற்று மேலே அமைந்துள்ள சிறுமூளையில். உடலின் சமநிலையையும் கை கால்களின் ஒத்திசைந்த அசைவையும் சீர்செய்வது சிறுமூளையின் பணி என்பதால், இந்நோய் கண்ட குழந்தை நடையில் தள்ளாடுவதும், நன்றாக எழுதிவந்த கையெழுத்து குலைவதும், பொத்தான் மாட்டத் தடுமாறுவதும் நிகழ்கின்றன. சிறுமூளைக்கு முன்னால் நான்காம் மூளையறை என்னும் குறுகிய இடைவெளி உள்ளது. மூளைக்குள் நாள்தோறும் ஊறும் மூளைத் தண்டுவட நீர் அதன் வழியாகத்தான் வெளியேற வேண்டும். கட்டி அவ்வழியை அடைக்கும்போது நீர் தேங்கி மண்டைக்குள் அழுத்தம் ஏறுகிறது. படுத்திருக்கும் நேரத்தில் அழுத்தம் மேலும் கூடுவதால் விடியற்காலையில் தலைவலியும், வயிற்றுக் கோளாறு ஏதுமின்றி வாந்தியும் வருகின்றன. வாந்தி எடுத்தபின் குழந்தை தெளிந்துவிடுவதும் உண்டு.

காலை வாந்தியைச் செரிமானக் கோளாறு என்றும், தலைவலியைக் கண்பார்வைக் குறை என்றும், தள்ளாட்டத்தைச் சத்துக்குறைவு என்றும் தனித்தனியே எடுத்துக்கொள்வதால்தான் நோய் கண்டறியப்படுவது தாமதமாகிறது. பிரிட்டனில் 2011இல் தொடங்கப்பட்ட ‘ஹெட்ஸ்மார்ட்’ என்னும் விழிப்புணர்வு இயக்கம், எந்த வயதில் எந்த அறிகுறிகள் சேர்ந்து வந்தால் ஐயுற வேண்டும் என்பதைப் பெற்றோருக்கும் பொதுமருத்துவர்களுக்கும் எளிய அட்டைகளாக அச்சிட்டு வழங்கியது. முதல் அறிகுறிக்கும் நோய் கண்டறியப்படுவதற்கும் இடையே முன்னர் ஏறத்தாழ 14 வாரங்களாக இருந்த இடைவெளி, அதன்பின் 7 வாரங்களுக்கும் குறைந்தது. இரண்டு வாரங்களுக்கு மேல் தொடரும் காலைத் தலைவலியும் வாந்தியும் நடைத் தடுமாற்றமும் ஒன்றுசேர்ந்தால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதே முறை.

அறுவைச் சிகிச்சையும் அதையடுத்த மௌனமும்

முதல் சிகிச்சை அறுவையே. தேங்கிய நீரை வடிப்பது, கட்டியை இயன்றவரை முழுமையாக எடுப்பது, எடுத்த திசுவை ஆராய்ந்து கட்டியின் வகையை உறுதிசெய்வது ஆகிய மூன்று நோக்கங்களும் அதில் அடங்கும். அறுவைக்குப் பின்னும் நீரோட்டம் சீராகாத குழந்தைகளுக்கு, மூளையறையிலிருந்து வயிற்றுக்கு நீரைக் கொண்டுசெல்லும் ஷண்ட் என்னும் மெல்லிய குழாய் தோலுக்கடியில் பொருத்தப்படுகிறது. அக்குழாய் பல ஆண்டுகள் உடலில் தங்குவதால், பின்னாளில் எப்போது தலைவலியும் அயர்வும் வாந்தியும் சேர்ந்து வந்தாலும் அது அடைத்துக்கொண்டதா என்பதை உடனே பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த அறுவைக்குப் பின் ஏறத்தாழ நான்கில் ஒரு குழந்தைக்கு ஒரு விந்தையான நிலை நேர்கிறது. மயக்கம் தெளிந்து பெற்றோருடன் பேசிய குழந்தை, ஓரிரு நாள் கழித்துப் பேச்சை முற்றிலும் இழந்துவிடுகிறது. காரணமின்றி ஓயாமல் அழுகிறது, உடல் துவண்டு கிடக்கிறது, விழுங்கவும் சிரமப்படுகிறது. சிறுமூளை மௌனம் என்று அழைக்கப்படும் இந்நிலைக்கு, சிறுமூளையிலிருந்து பெருமூளைக்குச் செல்லும் நரம்புப் பாதைகள் பாதிக்கப்படுவதே காரணம் என்று கருதப்படுகிறது. சில வாரங்களிலோ மாதங்களிலோ பேச்சு திரும்பிவிடுகிறது என்றாலும், பேச்சின் வேகமும் தெளிவும் முன்போல் அமையாமல் போகலாம். இப்படிப்பட்ட நிலை வரக்கூடும் என்பதை அறுவைக்கு முன்பே பெற்றோரிடம் சொல்லிவைப்பது மருத்துவர்களின் கடமையாக இன்று கொள்ளப்படுகிறது. சொல்லப்படாதபோது, அறுவையில் பெரும் பிழை நேர்ந்துவிட்டது என்று குடும்பம் நினைப்பது இயல்பே.

கதிர்வீச்சின் அளவைத் தேடிய நெடும்பயணம்

இக்கட்டிக்கு 1925இல் பெயரிட்டவர்கள் அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவரான ஹார்வி குஷிங்கும் அவருடன் பணியாற்றிய பெர்சிவல் பெய்லியும் ஆவர். கட்டியை அறுத்தெடுத்த குழந்தைகளும் ஏறத்தாழ அனைவருமே சில மாதங்களில் இறந்துவிடுவதை அக்காலத்தில் குஷிங் கண்டார். இக்கட்டியின் செல்கள் மூளைத் தண்டுவட நீரில் கலந்து மூளையின் பரப்பிலும் முதுகுத்தண்டு நெடுகிலும் படிந்து மீண்டும் முளைப்பதே அதற்குக் காரணம். இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் எடித் பேட்டர்சனும் உடன் பணியாற்றிய ஃபாரும் இதை உணர்ந்து, கட்டி இருந்த இடத்துக்கு மட்டுமன்றி மூளை முழுவதற்கும் முதுகுத்தண்டின் அடிவரைக்கும் கதிர்வீச்சு கொடுத்தனர். பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள் மூன்றாண்டுகளைக் கடந்து வாழ்ந்ததை அவர்கள் 1953இல் வெளியிட்டபோது, இந்நோய் குணமாகக்கூடியது என்பது முதன்முறையாக உறுதியாயிற்று.

தமிழ்நாட்டில் பொதுமக்கள் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லும் கதிர்வீச்சுச் சிகிச்சையில் உண்மையில் மின்சாரம் உடலுக்குள் பாய்வதில்லை. ஆற்றல் மிக்க எக்ஸ் கதிர்கள் செல்லின் மரபுப்பொருளான டி.என்.ஏ.வைச் சிதைக்கின்றன, நலமான செல்கள் அச்சிதைவை ஓரளவு பழுதுபார்த்துக்கொள்ள, புற்றுச்செல்கள் அது இயலாமல் மடிகின்றன. பழுதுபார்க்க நேரம் தருவதற்காகவே மொத்த அளவும் சிறு கூறுகளாகப் பிரிக்கப்பட்டு, வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு வாரங்கள் கொடுக்கப்படுகிறது. வெந்நீரில் இளகும் வலைத்தகடு ஒன்றைக் குழந்தையின் முகத்தின்மீது படியவைத்து, அது இறுகியதும் கிடைக்கும் முகக்கவசத்தை ஒவ்வொரு நாளும் மாட்டி மேசையோடு பிணைத்த பிறகே கருவி இயக்கப்படுகிறது. ஓரிரு மில்லிமீட்டர்கூட அசையக் கூடாது என்பதால், அசையாமல் படுக்கத் தெரியாத சிறு குழந்தைகளுக்கு அத்தனை நாளும் மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது.

உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு கிரே. நெடுங்காலமாக மூளை முழுவதற்கும் முதுகுத்தண்டுக்கும் 36 கிரேயும், கட்டி இருந்த பின்மண்டைப் பகுதிக்குக் கூடுதலாகச் சேர்த்து மொத்தம் 54 கிரே அளவும் கொடுக்கப்பட்டன. உயிர் பிழைத்த குழந்தைகள் பள்ளியில் பின்தங்குவதும் உயரம் குன்றுவதும் தெரியவந்த பின்னரே, இவ்வளவும் தேவைதானா என்ற வினா எழுந்தது. அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ரோஜர் பேக்கர் தலைமையிலான குழுவினர், வின்கிரிஸ்டின், லோமுஸ்டின், சிஸ்பிளாட்டின் ஆகிய மருந்துகளைக் கொண்ட கீமோதெரபியைச் சேர்த்துக்கொண்டால், கட்டி முழுமையாக அகற்றப்பட்டு நோய் பரவாத குழந்தைகளுக்கு 23.4 கிரே போதுமானது என்று 1990களில் காட்டினர். இன்று அந்தப் பிரிவுக் குழந்தைகளுள் ஐந்தில் நால்வர் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர். மூன்று வயதுக்கு உட்பட்டோரின் மூளை கதிர்வீச்சைத் தாங்காது என்பதால், அவர்களுக்கு அதைத் தவிர்த்து அல்லது தள்ளிப்போட்டு மருந்துகளைக் கொண்டே சிகிச்சை நடத்தப்படுகிறது.

அளவைக் குறைக்கும் முயற்சி ஓரிடத்தில் தடுக்கி நின்றது. மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு 23.4 கிரேயை 18 கிரேயாகக் குறைத்துப் பார்த்த வட அமெரிக்க ஆய்வின் முடிவு 2021இல் வெளியானது: குறைந்த அளவு பெற்ற குழந்தைகளின் அறிவுத்திறன் சற்று மேம்பட்டிருந்தபோதிலும், அவர்களிடையே நோய் மீண்டும் தலைதூக்குவது கூடியிருந்தது. அதே ஆய்வு மற்றொன்றையும் தெளிவுபடுத்தியது. கூடுதல் அளவைப் பின்மண்டை முழுவதற்கும் கொடுக்காமல், கட்டி இருந்த படுகைக்கும் அதைச் சூழ்ந்த சிறு பகுதிக்கும் மட்டும் கொடுத்தால் குணமடைவோர் எண்ணிக்கை குறையவில்லை. ஆகவே குறைக்க முடிந்தது கூடுதல் கதிர்வீச்சின் பரப்பை. மூளை முழுவதற்குமான அளவை எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே சீராகக் குறைக்க முடியவில்லை.

யாருக்குக் குறைக்கலாம் என்பதற்கான விடை மரபணு ஆய்விலிருந்து வரத் தொடங்கியிருக்கிறது. நுண்ணோக்கியில் ஒன்றுபோல் தெரியும் இக்கட்டி, உள்ளே இயங்கும் மரபணுக்களைப் பொறுத்து டபிள்யூ.என்.டி., எஸ்.ஹெச்.ஹெச்., மூன்றாம் குழு, நான்காம் குழு என நான்கு வகைப்படும் என்று 2012இல் அறிஞர்கள் உடன்பட்டு அறிவித்தனர். முதல் வகையினருள் பதின்மரில் ஒன்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிழைக்கின்றனர். மூன்றாம் குழுவில் மிக் என்னும் மரபணு பெருகியிருப்போரின் நிலையோ கவலைக்குரியது. முதல் வகையினருக்கு மூளை முழுவதற்குமான கதிர்வீச்சை அறவே விட்டுவிடலாமா என்று மும்பை டாடா நினைவு மையத்தில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வு, கட்டி இருந்த இடத்துக்கு அப்பால் நோய் மீண்டும் தோன்றியதால் இடையிலேயே நிறுத்தப்பட்டது. மிக எளிதில் குணமாகும் வகைக்கும் ஒரு குறைந்தபட்ச அளவு உண்டு என்பதை உலகுக்கு உணர்த்தியது அந்த ஆய்வு.

அறிவுவளர்ச்சியில் நேரும் தேக்கம்

சிகிச்சை முடிந்து முடி முளைத்து, ஸ்கேனில் கட்டி இல்லை என்று தெரிந்து, குழந்தை பள்ளிக்குத் திரும்பும்போது குடும்பம் நிம்மதி அடைகிறது. கதிர்வீச்சின் விளைவுகள் வெளிப்படத் தொடங்குவது அதற்குப் பிறகுதான். மூளையின் உட்பகுதியில் வெண்பொருள் எனப்படும் நரம்பிழைத் தொகுதி இருக்கிறது. மூளையின் ஒரு பகுதி மற்றொன்றுடன் விரைந்து தொடர்புகொள்வது, மையலின் என்னும் கொழுப்புறை போர்த்திய அவ்விழைகளின் வழியாகவே. பிறந்தது முதல் இளமைப் பருவம் கடந்தும் வளர்ந்துகொண்டே இருக்க வேண்டிய இவ்வெண்பொருள், கதிர்வீச்சுக்குப் பின் எதிர்பார்த்த வேகத்தில் வளர்வதில்லை. அதனாலேயே, சிகிச்சை பெறும் வயது எவ்வளவு குறைவோ, பாதிப்பு அவ்வளவு மிகுதி.

இங்கே பெற்றோரும் ஆசிரியரும் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்று உண்டு. அறிவுத்திறன் எண் ஆண்டுதோறும் இரண்டு முதல் நான்கு புள்ளிகள்வரை குறையக்கூடும் என்று ஆய்வுகள் கூறும்போது, குழந்தை கற்றதை மறந்துவருகிறது என்று அதற்குப் பொருள் இல்லை. அவ்வெண் அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுக் கணக்கிடப்படுவது. ஏழு வயதில் அறிந்த சொற்களையும் கணக்கையும் அக்குழந்தை இழப்பதில்லை. எட்டிலும் ஒன்பதிலும் புதியவற்றையும் கற்கிறது. ஆனால் உடன் படிப்போர் நான்கைக் கற்கும் காலத்தில் அது மூன்றைக் கற்கிறது. இடைவெளி ஆண்டுக்காண்டு விரிந்து, ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு வெளிப்படையாகத் தெரிகிறது. அதற்குள் நோய் பழங்கதையாகிவிட்டிருப்பதால், சோம்பல் என்றும் செல்லம் கொடுத்ததன் விளைவு என்றும் பழி அக்குழந்தையின்மீதே விழுகிறது.

பெரிதும் குறைவது செயலாற்றும் வேகம், கவனம், ஒரு செய்தியை மனத்தில் தாங்கிக்கொண்டே அடுத்ததைச் செய்யும் நினைவாற்றல் ஆகிய மூன்றுமாகும். கரும்பலகையில் எழுதியதைப் பார்த்து எழுதி முடிப்பதற்குள் ஆசிரியர் அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். வாய்மொழியாகக் கேட்டால் விடை சொல்லும் பிள்ளை, எழுத்துத் தேர்வில் பாதித்தாளை வெறுமையாக விட்டு வரும். இத்தகைய பிள்ளைக்குக் கூடுதல் தேர்வு நேரமும், அச்சிட்ட குறிப்புகளும், முன்வரிசை இருக்கையும், ஒரு நேரத்தில் ஒரே கட்டளையும் போதிய அளவு துணைசெய்கின்றன. கவனக்குறைவு மிகுந்தோருக்கு மெத்தில்ஃபெனிடேட் என்னும் மருந்து பயன் தருவதும் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. நரம்பு உளவியலாளர் ஒருவர் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை முறையாகச் சோதித்து, குறையும் திறன் எது, குறையாத திறன் எது என்று எழுதித் தரும் அறிக்கை, பள்ளியில் எந்த மருந்துச்சீட்டையும்விடப் பயன்படும்.

சுரப்பிகள், முதுகெலும்பு, செவி

மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸும் பிட்யூட்டரி சுரப்பியும் உடலின் ஹார்மோன்களை ஆள்பவை. கதிர்வீச்சால் அவற்றுள் முதலில் பாதிக்கப்படுவது வளர்ச்சி ஹார்மோன். சிகிச்சை முடிந்து குறைந்தது ஓராண்டு நோயற்றிருப்பதை உறுதிசெய்துகொண்டு அதனை ஊசியாகக் கொடுக்கலாம். அப்படிக் கொடுப்பதால் கட்டி திரும்பும் வாய்ப்பு கூடுவதாகத் தெரியவில்லை. ஆயினும் முதுகெலும்பின் வளர்முனைகளும் கதிர்வீச்சைப் பெற்றிருப்பதால், ஊசியால் கால்கள் நீளும் அளவுக்கு உடற்பகுதி நீள்வதில்லை. நிற்கும் உயரத்தோடு உட்கார்ந்த உயரத்தையும் மருத்துவர்கள் அளந்து வருவது இதற்காகவே. முள்ளெலும்பின் ஒருபுறம் மட்டும் கதிர்வீச்சு பட்டால் மறுபுறம் வளர்ந்து முதுகு கோணும் என்பதால், வளரும் வயதுக் குழந்தைகளுக்கு எலும்பு முழுவதையும் வேண்டுமென்றே கதிர்ப்பரப்புக்குள் கொண்டுவருவது வழக்கம். கோணலைத் தவிர்க்க உயரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கப்படுகிறது.

தைராய்டு ஹார்மோன் குறைந்தால் அயர்வும் எடைகூடுதலும் மந்தமும் தோன்றி, மூளைப் பாதிப்போடு சேர்த்து எண்ணப்பட்டுவிடும். ஆண்டுக்கொரு இரத்தப் பரிசோதனையும் நாளுக்கொரு மாத்திரையும் அதைச் சீராக்கிவிடும். கார்ட்டிசால் குறைபாடு அரிது, ஆனால் ஆபத்தானது. அதற்கு ஈடாகக் கொடுக்கும் மருந்தின் அளவைக் காய்ச்சலின்போது உயர்த்தத் தவறினால் உயிருக்கே கேடு நேரலாம். பருவமெய்துதல் முந்துவதோ பிந்துவதோ உண்டு. சில கீமோ மருந்துகள் பிற்காலக் குழந்தைப்பேற்றையும் பாதிக்கலாம் என்பதால், அதுபற்றிய உரையாடல் சிகிச்சைக்கு முன்பே நடக்க வேண்டும்.

சிஸ்பிளாட்டின் மருந்து உட்செவியின் நுண்மயிர்ச் செல்களை அழிக்கிறது; அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. முதலில் போவது உயர் அதிர்வெண் ஒலிகள். உயிரெழுத்தொலிகள் நன்கு கேட்க, ‘ஸ’, ‘ஃப’ போன்ற மெல்லிய உரசொலிகள் மறைந்துவிடுகின்றன. கூப்பிட்டால் குழந்தை திரும்பிப் பார்ப்பதால் காது கேட்கிறது என்று வீட்டார் நம்புகின்றனர். இரைச்சல் மிகுந்த வகுப்பறையிலோ பாதிச்சொற்கள் அதற்கு விளங்குவதில்லை. கல்லீரல் கட்டிக்குச் சிஸ்பிளாட்டின் பெற்ற குழந்தைகளிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், மருந்து செலுத்தி ஆறு மணிநேரம் கழித்துச் சோடியம் தயோசல்ஃபேட் கொடுத்தபோது செவித்திறன் இழப்பு 63 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாகக் குறைந்தது. உடலின் வேறிடங்களுக்குப் பரவாத கட்டிகள் கொண்ட குழந்தைகளுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் இதற்கு ஒப்புதல் அளித்தது.

புரோட்டான் கதிர் எவ்வளவு உதவும்?

எக்ஸ் கதிர் இலக்கைத் தாண்டி உடலின் மறுபுறம் வரை ஊடுருவிச் செல்வது. புரோட்டான் என்னும் அணுத்துகளோ, குறித்த ஆழத்தில் தன் ஆற்றலின் பெரும்பகுதியை இறக்கிவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறது. இப்பண்பைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தலாம் என்று 1946இலேயே எடுத்துரைத்தவர் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வில்சன். முதுகுத்தண்டுக்குப் புரோட்டான் கதிர் கொடுக்கும்போது, அதற்கு முன்னால் உள்ள தைராய்டு, இதயம், குடல் ஆகியவை பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. தென்னாசியாவின் முதல் புரோட்டான் மையம் 2019இல் சென்னையில் தொடங்கப்பட்டது. பின்னர் டாடா நினைவு மையமும் நவி மும்பையில் இத்தகைய வசதியை ஏற்படுத்தியது.

எனினும் புரோட்டானால் எல்லாப் பாதிப்பும் விலகிவிடும் என்று நம்புவது சரியன்று. மெடுல்லோபிளாஸ்டோமாவில் மூளை முழுவதும் கதிர்வீச்சைப் பெற்றே ஆகவேண்டும். அந்த அளவை எந்தக் கருவியும் தவிர்ப்பதில்லை. கட்டிப் படுகைக்குரிய கூடுதல் அளவு பிற பகுதிகளுக்குச் சிதறாமல் காப்பதே மூளையைப் பொறுத்தவரை இதனால் கிடைக்கும் நன்மை. புரோட்டான் பெற்ற குழந்தைகளின் அறிவுத்திறன் மேம்பட்டிருப்பதாக 2020இல் வெளியான வட அமெரிக்க ஒப்பீடு கூறுகிறது. ஆனால் அது குலுக்கல் முறையில் குழந்தைகளைப் பிரித்து நடத்திய சோதனை அன்று. சிகிச்சைச் செலவும் நெடுந்தூரப் பயணமும் சேர்ந்து, கதிர்வீச்சு தொடங்குவதையே தாமதப்படுத்துமானால், அருகில் கிடைக்கும் தரமான எக்ஸ் கதிர்ச் சிகிச்சையே குழந்தைக்கு நல்லது.

பத்தாண்டுக்குப் பின்னும் தொடரும் கண்காணிப்பு

அமெரிக்காவிலும் கனடாவிலும் குழந்தைப் பருவத்தில் புற்றுநோயிலிருந்து பிழைத்த பல்லாயிரம் பேரை 1994 முதல் தொடர்ந்து கவனித்துவரும் பேராய்வு ஒன்று, மூளைக் கட்டியிலிருந்து மீண்டோர் வேலை பெறுவதிலும் மணம் புரிவதிலும் தனித்து வாழ்வதிலும் தம் உடன்பிறந்தாரைவிட மட்டுமன்றி, வேறு புற்றுநோய்களிலிருந்து மீண்டோரையும்விடப் பின்தங்கியிருப்பதைக் காட்டியது. கதிர்வீச்சு பட்ட இடத்தில் பத்து, இருபது ஆண்டுகள் கழித்து மூளையுறைக் கட்டியோ தைராய்டுப் புற்றோ தோன்றுவதும், இளவயதிலேயே மூளைக் குழாய்கள் சுருங்கிப் பக்கவாதம் வருவதும் சிலருக்கு நேர்கின்றன. இவ்விளைவுகளுள் பலவும் பழைய, கூடுதல் அளவுச் சிகிச்சையைப் பெற்றவர்களிடம் காணப்பட்டவை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். இன்று சிகிச்சை பெறும் குழந்தைகளின் நடுவயது எப்படி அமையும் என்பது அவர்கள் அவ்வயதை எட்டும்போதுதான் முழுமையாகத் தெரியவரும்.

எனவே நடைமுறையில் முதன்மையானது ஓர் ஆவணம். கட்டியின் வகை, அறுவை நடந்த நாள், எந்தப் பகுதிக்கு எத்தனை கிரே, எந்த மருந்து மொத்தம் எவ்வளவு என்பவற்றை ஓரிரு பக்கங்களில் சுருக்கித் தரும் சிகிச்சைக் குறிப்பைப் பெற்றோர் மருத்துவமனையில் கேட்டுப் பெற வேண்டும். எட்டு வயதில் சிகிச்சை பெற்றவர் முப்பது வயதில் தலைவலி என்றோ களைப்பு என்றோ வேறோர் ஊரில் வேறொரு மருத்துவரிடம் செல்லும்போது, எதைத் தேட வேண்டும் என்பதை அம்மருத்துவருக்கு அக்குறிப்பே சொல்லும். ஆண்டுதோறும் ஹார்மோன், செவித்திறன், உயரம், பார்வை ஆகியவற்றைச் சோதிப்பதும், பள்ளி மாறும்போதெல்லாம் நரம்பு உளவியல் அறிக்கையைப் புதிய ஆசிரியரிடம் கொடுப்பதும் சிகிச்சைக்குப் பிந்தைய உபசாரங்கள் அல்ல. கதிர்வீச்சும் மருந்தும் போலவே அவையும் அச்சிகிச்சையின் கூறுகள். வளர்ச்சி ஹார்மோன் ஊசிக்கும் செவித்துணைக் கருவிக்கும் தேர்வில் கூடுதல் நேரத்துக்கும் உரிய வயது ஒன்று உண்டு; அந்த வயது கடந்தபின் குறையைக் கண்டுபிடித்தால் அக்குழந்தைக்குக் கிடைக்கும் பயன் சிறிதே.